பேருந்தில் ஏறாதவர் எழுதிய புத்தகம்

1964 ஜூனில் கலிஃபோர்னியாவின் லா ஹோண்டா மலைக்காட்டிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூடப் பேருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது. 1939இல் செய்த வண்டி. கைக்குக் கிடைத்த வண்ணத்தையெல்லாம் அதன்மேல் பூசியிருந்தார்கள். வண்டிக்குள் ஒலிப்பதிவுக் கருவிகள், 16 மி.மீ. கேமராக்கள், குளிர்பெட்டியில் எல்.எஸ்.டி. கலந்த ஆரஞ்சுச் சாறு. அன்றைக்கு அது சட்டவிரோதமான பொருள்கூட இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் கென் கீஸி, 1962இல் வந்த முதல் நாவலிலேயே பெயர் வாங்கியவர். ஓட்டியவர் நீல் காஸடி, ஜாக் கெரோவாக்கின் ‘ஆன் தி ரோடு’ நாவலில் டீன் மோரியார்ட்டி என்ற பெயரில் வருகிறவர். ‘மெர்ரி பிராங்ஸ்டர்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட அந்தக் கூட்டம் தன் பயணத்தைத் தானே படம்பிடித்துக்கொண்டு போனது. உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் காலம் முடிந்துவிட்டது, நடப்பதை நடக்கும்போதே பிடிப்பதுதான் இனிக் கலை என்று கீஸி நம்பினார்.

நாற்பது மணி நேரத்துக்கு மேல் படச்சுருள் சேர்ந்தது. படம்தான் உருவாகவில்லை. கேமரா ஓடிய வேகமும் ஒலிநாடா ஓடிய வேகமும் ஒத்துப்போகாததால் காட்சி ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று கிடந்தது. 2011இல்தான் அலெக்ஸ் கிப்னியும் ஆலிசன் எல்வுட்டும் அதைச் சீராக்கி ஓர் ஆவணப்படமாகத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது கீஸி இறந்து ஏறக்குறையப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் உலகம் அந்தப் பயணத்தை 1968லேயே அறிந்துகொண்டது. டாம் உல்ஃப் எழுதிய ‘தி எலக்ட்ரிக் கூல்-எய்ட் ஆசிட் டெஸ்ட்’ அந்த ஆண்டு வெளிவந்தது. உல்ஃப் பேருந்தில் பயணம் செய்தவர் அல்லர். 1966இன் பிற்பகுதியில், கஞ்சா வழக்கிலிருந்து மெக்சிகோவுக்குத் தப்பித் திரும்பிவந்து பிடிபட்டிருந்த கீஸியைச் சிறையில் பார்க்கப் போனவர் அவர். யேல் பல்கலைக்கழக முனைவர், சூட்டும் டையுமாகத் திரியும் நியூயார்க் நிருபர். பிராங்ஸ்டர்களோடு சில வாரங்கள் இருந்தார். அவர்களால் கோத்தெடுக்க முடியாத படச்சுருளை உட்கார்ந்து பார்த்தார். ஒலிநாடாக்களைக் கேட்டார், கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்தார், ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார். அதன்பிறகு, தானும் அந்த வண்டியில் அவர்கள் மண்டைக்குள் உட்கார்ந்து வந்தவரைப் போல எழுதினார். முற்றுப்புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன, சொற்கள் இரைகின்றன, திடீரென்று உரைநடை பாட்டாகிறது. போதை என்னும் அனுபவத்தை வாக்கிய அமைப்பாலேயே காட்டிவிட முயலும் புத்தகம் அது.

பயணம் போனவர்களிடம் சுருள் இருந்தது, போகாதவரிடம் புத்தகம் இருந்தது. அறுபதுகளின் அமெரிக்க எதிர்க்கலாச்சாரத்தையும் அதனோடு சேர்ந்து வளர்ந்த ‘புதிய இதழிய’லையும் படிக்க விரும்புகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். களத்தில் தோய்ந்து எழுதுவது என்று நாம் வியக்கும்போது எழுத்தாளர் எவ்வளவு நெருங்கினார் என்பதையே அளக்கிறோம். புதிய இதழியல் எழுத்தாளர்களின் புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தால் வேறொன்று புலப்படும். இவர்களில் ஒருவர்கூட முழுக்க உள்ளே இருந்தவர் இல்லை. ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் நின்றார். அந்த இடத்திலிருந்து தெரிந்தது எது, தெரியாமல்போனது எது என்பதுதான் புத்தகத்தின் தரம்.

உல்ஃபின் முறை அவருக்கே தற்செயலாக வாய்த்தது. 1963இல் ‘எஸ்குவயர்’ இதழுக்காகக் கார்களை உருமாற்றி அலங்கரிக்கும் கலிஃபோர்னியா இளைஞர்களைப் பற்றி எழுதப் போனார், எழுத வரவில்லை. குறிப்புகளையாவது அனுப்பு, வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று ஆசிரியர் பைரன் டோபெல் சொல்ல, இரவெல்லாம் விழித்து ஒரு நீண்ட கடிதமாகத் தட்டச்சு செய்து அனுப்பினார். டோபெல் மேலே இருந்த விளிப்பை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே அச்சேற்றினார். பத்தாண்டு கழித்து, 1973இல் ‘புதிய இதழியல்’ என்ற தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் உல்ஃப் அதற்கு இலக்கணம் வகுத்தார். காட்சி காட்சியாகச் சொல்வது, உரையாடலை முழுமையாகத் தருவது, ஒரு பாத்திரத்தின் கண்வழியே பார்ப்பது, உடை, நாற்காலி, பேச்சுத் தோரணை போன்ற அந்தஸ்து அடையாளங்களைக் குறித்துவைப்பது. நான்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் உத்திகள். நாவலாசிரியர்கள் கைவிட்டதை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பது அவர் வாதம்.

உத்தியைவிட முக்கியமானது அவகாசம். ஒரு காட்சியை எழுத அந்தக் காட்சி நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். கே டலீஸ் 1966இல் ‘எஸ்குவயர்’ இதழில் ஃபிராங்க் சினாட்ரா பற்றி எழுதியபோது சினாட்ரா பேட்டி தரவே இல்லை. டலீஸ் வாரக்கணக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கி அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசியே அவரை வரைந்தார். அந்த ஓட்டல் கட்டணத்தைக் கொடுத்தது இதழ். இதழுக்குக் கொடுத்தவை கார், மது, சிகரெட் விளம்பரங்கள். நுகர்வு வாழ்க்கையை உதறிவிட்டுப் போனவர்களைப் பற்றிய சிறந்த பக்கங்கள் அந்த நுகர்வின் விளம்பரக் காசில் எழுதப்பட்டவை. எழுத்தாளர் ஜோன் டிடியனை ஹிப்பிகளைப் பற்றி எழுத சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிய ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ 1969 தொடக்கத்தில் மூடப்பட்டது. விளம்பரம் தொலைக்காட்சிப் பக்கம் போனபோது இந்த எழுத்துக்கான அவகாசமும் சுருங்கத் தொடங்கியது.

இந்த வரிசையில் முதலில் கையிலெடுக்க வேண்டியது, என் எண்ணத்தில், உல்ஃப் அல்லர், ஹண்டர் எஸ். தாம்ப்சன். பின்னாளில் லாஸ் வேகஸ் புத்தகத்தால் கேலிச்சித்திரமாகவே ஆகிவிட்ட தாம்ப்சனை மறந்துவிட்டு, 1967இல் வந்த ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ எழுதிய தாம்ப்சனைப் படிக்க வேண்டும். அது 1965 மே மாதம் ‘தி நேஷன்’ இதழில் ஒரு கட்டுரையாகத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ மோட்டார்சைக்கிள் கும்பல் பற்றி அரசு வெளியிட்ட அறிக்கையையும் அதை ஊதிப் பெருக்கிய பத்திரிகைச் செய்திகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தாம்ப்சன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். பிறகு ஓராண்டு அவர்களோடு சுற்றுகிறார். அவருடைய கோபம் இரண்டு பக்கமும் பாய்கிறது. பூதம் காட்டிய பத்திரிகைகள்மீது ஒரு பங்கு, பூதமாக இருப்பதை ரசிக்கத் தொடங்கிவிட்ட கும்பல்மீது ஒரு பங்கு. 1966 செப்டம்பரில் அதே கும்பலைச் சேர்ந்த சிலர் அவரை அடித்து நொறுக்கினார்கள். அந்த அடியோடுதான் புத்தகம் முடிகிறது. அவர்களில் தானும் ஒருவன் என்ற மயக்கம் எழுதியவருக்கு இருந்திருந்தால் அன்றைக்குத் தெளிந்திருக்கும்.

கீஸியை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்கு அறிமுகம் செய்தவரும் தாம்ப்சன்தான். 1965 ஆகஸ்ட் 7 அன்று லா ஹோண்டாவில் பெரிய விருந்து. கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் இருந்தார், வெளியே சாலையில் போலீஸ் வண்டிகள் காத்து நின்றன. அந்த இரவில் ஒரு பெண்ணைக் கும்பலாகச் சேர்ந்து பலர் புணர்ந்த சம்பவம் ஒன்று நடந்தது. அது இரண்டு புத்தகங்களிலும் வருகிறது. தாம்ப்சன் நேரில் இருந்தவர். அவர் பக்கங்களில் அந்தப் பெண்ணின் நிலை நம்மை உறுத்துகிறது. பார்த்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எழுதுகிறவரே தடுமாறுகிறார். உல்ஃப் அங்கே இல்லை. தாம்ப்சன் கொடுத்த ஒலிநாடாவிலிருந்தும் பிறர் சொன்னதிலிருந்தும் எழுதினார். அவர் பக்கங்களில் அந்தப் பெண் விரும்பியே வந்தவள், சம்பவம் கொண்டாட்டத்தின் இன்னொரு கட்டம், நடையின் துள்ளல் எங்கும் தடைபடுவதில்லை.

எனக்கு இந்த இரண்டு பக்கங்களும் ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம். பேருந்துப் பயணத்தில் உல்ஃபுக்குக் கைகொடுத்த அதே முறை இங்கே அவரைக் கைவிடுகிறது. ஒரு கூட்டத்தின் மனத்துக்குள் புகுந்து எழுதும்போது அந்தக் கூட்டம் யாருடைய மனத்துக்குள் புகவில்லையோ அவரை எழுத்தும் தாண்டிப் போய்விடுகிறது. பிராங்ஸ்டர்களின் பார்வையைக் கடன் வாங்கியவர் அவர்களுடைய பார்வைக் குறையையும் சேர்த்தே வாங்கினார். தாம்ப்சன் அந்த இரவில் எதையும் தடுக்கவில்லை. அது வேறு கேள்வி, அவர் பக்கங்களைப் படிக்கும் எவருக்கும் எழும் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி எழ இடம் வைத்திருக்கிறது அவர் எழுத்து.

டிடியன் இதற்கு நேர் எதிரான இடத்தில் நின்றவர். 1967 வசந்தத்தில் அவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதிக்குப் போனபோது அவருக்கு 32 வயது. வீட்டில் தத்தெடுத்த ஒரு வயதுக் குழந்தை. 1964 தேர்தலில் பழமைவாத வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டருக்கு வாக்களித்தவர். ஹிப்பிகளிடம் அவருக்கு ஒட்டுதலும் இல்லை, ஒட்டுதல் இருப்பதாக நடிக்கவும் இல்லை. அந்த ஜனவரியில் கோல்டன் கேட் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடிய ‘ஹியூமன் பீ-இன்’ நடந்து முடிந்திருந்தது. கோடையில் நாடு முழுவதிலுமிருந்து இளைஞர்கள் வந்து குவியப்போகிறார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டிடியன் கொண்டாட்டம் நடந்த பூங்காவைவிட அறைகளுக்குள் அதிக நேரம் இருந்தார். வீட்டைவிட்டு ஓடிவந்த பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று தெரியாதவர்கள், எதிலிருந்து விடுபட்டோம் என்று சொல்லக்கூடச் சொற்கள் இல்லாதவர்கள். துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய அந்தக் கட்டுரையில் அவர் எதையும் விளக்குவதில்லை. ஓர் அறையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு எல்.எஸ்.டி. கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மூன்று வயதுப் பையன் மின்கம்பியை மென்றுகொண்டிருக்க, பெரியவர்கள் தரைப் பலகையின் இடுக்கில் விழுந்துவிட்ட போதைப்பொருளை எடுப்பதில் மும்முரமாக இருக்கிறார்கள். கட்டுரை அங்கேயே நின்றுவிடுகிறது.

ஐம்பது ஆண்டு கழித்து, 2017இல் வெளியான ஆவணப்படத்தில், அதை இயக்கிய கிரிஃபின் டன் அந்த ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்த கணம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். அவர் டிடியனுடைய கணவரின் அண்ணன் மகன். டிடியன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதுகிறவருக்கு அது தங்கம் கிடைத்த மாதிரி என்று பொருள்படச் சொல்கிறார். பலர் அதைக் கேட்டு அதிர்ந்தார்கள். அதிரத்தான் வேண்டும். ஆனால் அவர் இதை மறைத்துவைத்திருந்தவர் இல்லை. 1968இல் அந்தக் கட்டுரையைத் தலைப்பாகக் கொண்டு வந்த ‘ஸ்லவுச்சிங் டுவர்ட்ஸ் பெத்லஹேம்’ நூலின் முன்னுரையிலேயே, தன்னுடைய சிறிய உருவத்தையும் பேச்சுத் தடுமாற்றத்தையும் பார்த்து மக்கள் அசந்துவிடுகிறார்கள், தான் அங்கே இருப்பது அவர்களுக்கு நல்லதல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். நெருங்கிப் பழகி எழுதும் தொழிலின் அடியில் கிடக்கும் துரோகத்தை இவ்வளவு குளிர்ச்சியாக ஒப்புக்கொண்டவர்கள் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர் நண்பரைப் போல இருக்கிறார், எழுதும்போது வேறொருவராகிவிடுகிறார்.

டிடியனுக்குத் தெரியாமல்போனதும் உண்டு. ஹெய்ட்-ஆஷ்பரியில் ‘டிக்கர்ஸ்’ என்ற குழு பூங்காவில் நாள்தோறும் இலவசமாகச் சோறு போட்டது, எதையும் காசில்லாமல் எடுத்துக்கொண்டு போகக்கூடிய கடை நடத்தியது. 1967 ஜூனில் டாக்டர் டேவிட் ஸ்மித் அங்கே தொடங்கிய இலவச மருத்துவமனை, மருத்துவம் கேட்பது உரிமை என்ற எண்ணத்தை நாடெங்கும் பரப்பியது. டிக்கர்கள் டிடியன் பக்கங்களில் தலைகாட்டுகிறார்கள். பத்திரிகைக்காரர்களை அண்டவிடாத, சந்தேகம் பிடித்த மனிதர்களாக மட்டும் வருகிறார்கள். அமைப்பாகச் சேர்ந்து செய்யும் வேலை அவர் கண்ணில் பட்டதைவிடச் சிதைவு அதிகம் பட்டது. சிதைவு காட்சியாக வரும். தினமும் நான்கு மணிக்குச் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை எழுதக் காட்சி கிடைப்பது கடினம். காட்சியை நம்பும் இதழியலின் பொதுக்குறை இது. இதைச் சரிசெய்துகொள்ள இரண்டு புத்தகங்கள் உதவும். ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் நிக்கலஸ் வான் ஹாஃப்மன் 1968இல் எழுதிய நூல் அங்கே போதைமருந்து எப்படி ஒரு வியாபாரமாக நடந்தது என்று சரக்குக் கணக்கோடு காட்டுகிறது. சார்ல்ஸ் பெர்ரி 1984இல் எழுதிய ஹெய்ட்-ஆஷ்பரி வரலாறு ஆரவாரம் அடங்கியபின் நிதானமாகச் சேகரித்து எழுதியது.

1967 அக்டோபர் 6 அன்று அந்தப் பகுதி மக்களே ‘ஹிப்பி’க்குச் சாவு ஊர்வலம் நடத்தினார்கள். சவப்பெட்டியைத் தெருவழியே தூக்கிப் போனார்கள். பத்திரிகைகள் பெற்றுப்போட்ட பிள்ளை செத்துப்போயிற்று என்பது செய்தி. டிடியன் கட்டுரை வெளிவந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எழுதப்பட்டவர்கள் எழுதியவர்களுக்கு இவ்வளவு வெளிப்படையாகப் பதில் சொன்ன சந்தர்ப்பம் அபூர்வம். டிக்கர்களில் ஒருவரான எம்மட் க்ரோகன் 1972இல் ‘ரிங்கோலெவியோ’ என்ற தன்வரலாற்றை எழுதினார். அதில் பாதி அளப்பு. ஆனாலும் உல்ஃபையும் டிடியனையும் படித்தவர்கள் தேடிப்பிடிக்க வேண்டிய அளப்பு அது. வெளியிலிருந்து வந்த இருவரும் பார்த்த அந்தத் தெரு, அங்கே சோறு ஆக்கியவருக்கு எப்படி இருந்தது என்று அதில் தெரிகிறது.

நார்மன் மெய்லர் இந்தச் சிக்கலைத் தாண்டக் கண்டுபிடித்த வழி விநோதமானது. 1967 அக்டோபர் 21 அன்று வியட்நாம் போரை எதிர்த்துப் பென்டகன் நோக்கிச் சென்ற ஊர்வலத்தில் அவரும் கைதானார். அதை எழுதும்போது ‘நான்’ என்பதை விட்டுவிட்டுத் தன்னைப் படர்க்கையில் ‘மெய்லர்’ என்றே அழைத்து, குடித்துவிட்டு மேடையேறி உளறும், பெயர் ஆசை பிடித்த ஒரு நடுவயது நாவலாசிரியரைக் கோமாளியாக்கிக் காட்டினார். 1968 மார்ச்சில் ‘ஹார்ப்பர்ஸ்’ ஏறக்குறைய ஓர் இதழ் முழுவதையும் அதற்குக் கொடுத்தது. நூலாக வந்த ‘தி ஆர்மீஸ் ஆஃப் தி நைட்’ புலிட்சர் பரிசும் தேசிய புத்தக விருதும் பெற்றது. நிற்கும் இடத்தை மறைக்காததில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்த இடத்திலேயே முக்கால் புத்தகமும் தங்கிவிடுகிறது. ஊர்வலத்தில் வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மெய்லருக்குப் பின்னணித் திரையாகிவிடுகிறார்கள்.

அந்த இளைஞர்களின் வயதுக்காரர்கள் மறுகரையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அறிய மைக்கேல் ஹெர் எழுதிய ‘டிஸ்பாட்சஸ்’. 1967இல் ‘எஸ்குவயர்’ நிருபராக வியட்நாம் போனவர், புத்தகத்தை முடித்து வெளியிட்டது 1977இல். அதே ராக் இசை, அதே போதை, கையில் துப்பாக்கி. எதிர்க்கலாச்சாரத்தைக் கலிஃபோர்னியாவின் பூங்காவோடு முடித்துக்கொள்ளும் வாசிப்பை இந்தப் புத்தகம் உடைத்துப்போடும். அதிலுள்ள சில மனிதர்களும் உரையாடல்களும் புனைந்தவை என்று ஹெர் பின்னர் சொன்னார். ட்ரூமன் கபோட் 1966இல் வந்த ‘இன் கோல்ட் பிளட்’ நூலின் கடைசிக் கல்லறைக் காட்சியைக் கற்பனையாக எழுதினார் என்பதும் இன்று எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. கபோட் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்து விற்றவர். ஹெர் அப்படி எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

அமெரிக்க எதிர்க்கலாச்சாரத்தின் வழி கிழக்கே திரும்பியபோது அதில் நம்மவர் ஒருவரும் வருகிறார். 1969 ஆகஸ்ட் 15 அன்று வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர். ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடர். இலங்கையில் ஆசிரமம் நடத்திவிட்டு 1966இல் நியூயார்க் போனவர். மூன்றே ஆண்டில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன் வெண்தாடியோடு மேடையில் அமர்ந்து, இசையின் ஆற்றலைப் பற்றிப் பேசினார். மேலே சொன்ன எழுத்தாளர்கள் அமெரிக்க இளைஞர்களை அறை அறையாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த இளைஞர்கள் கும்பிட்ட கிழக்கையோ, கிழக்கிலிருந்து போனவர்கள் அவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதையோ அதே கவனத்தோடு அணுகவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் புத்தகம் கீதா மேத்தா 1979இல் வெளியிட்ட ‘கர்மா கோலா’. ஞானம் தேடி இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்களையும் அவர்களுக்கு ஞானத்தைப் பொட்டலம் கட்டி விற்ற நம்மூர்க் குருமார்களையும் ஒரே கத்தியால் அறுக்கும் நூல். உல்ஃபின் கிண்டலும் டிடியனின் துண்டுக் காட்சிகளும் இதில் உண்டு, ஆனால் நிற்கும் இடம் வேறு. மற்றவர்கள் விருந்துக்குப் போய்த் திரும்பியவர்கள். மேத்தா, விருந்தாளிகள் வந்து இறங்கிய வீட்டின் பெண். அவர் சிரிப்பதில் பாதி தன்னைச் சேர்ந்தவர்களைப் பார்த்து. வியப்பும் வணிகமும் இரண்டு பக்கமும் எப்படி ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன என்பது அவருக்குத்தான் தெரிகிறது.

ஆகவே என் சிபாரிசு இந்த வரிசையில் இருக்கும். முதலில் தாம்ப்சன், செய்தி எப்படிப் பூதமாகிறது என்று கற்றுக்கொள்ள. அடுத்து உல்ஃப், லா ஹோண்டா இரவை மட்டும் தாம்ப்சனோடு பக்கத்தில் வைத்து. பிறகு டிடியன், உடனேயே க்ரோகன். மெய்லரைப் படித்த கையோடு ஹெர். கடைசியில் மேத்தா. தனித்தனியே படித்தால் இவை ஒவ்வொன்றும் நம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வலிமை உடையவை, அந்த வலிமைதான் ஆபத்து. சேர்த்துப் படிக்கும்போது ஒருவர் சாட்சியத்தை மற்றவர் குறுக்கு விசாரணை செய்கிறார். அந்தப் பத்தாண்டில் உண்மையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு இந்த நூல்களில் எதுவும் தனியாகப் பதில் சொல்லிவிடாது. ஆனால் இனிமேல் நேரில் போய்ப் பழகி எழுதப்பட்ட எந்தக் கட்டுரை கையில் கிடைத்தாலும், எழுதியவர் எங்கே நின்றார், யாருடைய செலவில் நின்றார், அந்த அறையில் யார் பேசவில்லை என்று கேட்காமல் நம்மால் படிக்க முடியாது.